மிலானில் நல்ல சுஷி எங்கே கிடைக்கும்?

பயணப்பை எழுதியது:

அடுத்த மாதம் அலுவலக வேலையாக மிலான் போகிறேன். மனைவியும் வருகிறாள். சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் தங்குகிறோம். சோறும் பச்சை மீனும் சேர்ந்த ஜப்பானிய சுஷி என்றால் எனக்கு உயிர். மேப்பில் தேடினால் தெருவுக்கு நாலு கடை காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறப் படம். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

ஒரு ராத்திரி கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யலாம். மற்ற நாட்களில் சாதாரணமாகப் போதும். மனைவி சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள். "இத்தாலிக்குப் போய் பீட்சா சாப்பிடுங்க" என்று சொல்ல வருபவர்களுக்கு: அந்தப் பட்டியல் தனியாகத் தயாராக இருக்கிறது, கவலை வேண்டாம்.

*

கொங்குத்தேன் எழுதியது:

நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் நான் சொல்வேன். ரிசோத்தோ சோறும் ஒஸ்ஸோபூக்கோ இறைச்சியும் பிறந்த ஊர் அது. கடல் இல்லாத ஊரில் பச்சை மீன் எதற்கு? ஜெனோவாவுக்கு ரயில் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும்.

*

நவிலிக்கரை எழுதியது:

கடல் இல்லாத ஊர் என்பது சரிதான். ஆனால் இத்தாலி முழுக்கப் பிடிக்கிற நல்ல மீன் விலை கிடைக்கும் இடத்துக்குத்தான் போகும், அந்த விலை மிலானில்தான் கிடைக்கிறது. நகரின் கிழக்கே லொம்ப்ரோசோ தெருவில் மொத்த மீன் சந்தை இருக்கிறது. சிசிலி, புல்யா, சர்தீனியா என்று எல்லாக் கரையிலிருந்தும் இரவோடு இரவாக லாரி வந்து இறங்கும். கொங்குத்தேன் அண்ணே, கரையில் இருக்கிற சுற்றுலா ஊரில் கிடைக்காத மீன்கூட இங்கே கிடைக்கும்.

பயணப்பை, நான் இங்கே படிக்க வந்து அப்படியே வேலையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மிலானில் சுஷி என்ற பெயரில் இரண்டு வேறு சாப்பாடு விற்கிறார்கள். எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் கிளம்பினால் எந்தக் கடையும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

முதலாவது அன்லிமிடெட் கடை, ஒரே விலைக்கு வேண்டிய அளவு சாப்பிடலாம். மதியம் பதினைந்து யூரோ சுற்றி, இரவு இருபத்தைந்து முப்பது, சனி ஞாயிறு இன்னும் கொஞ்சம் கூட. மேசையில் ஒரு டேப்லெட் இருக்கும், எண்ணைத் தட்டினால் தட்டு வரும். தண்ணீரும் இனிப்பும் தனிக் காசு. பெரும்பாலும் நடத்துபவர்கள் சீனாவின் செஜியாங் மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். 2003இல் சார்ஸ் பயம் வந்தபோது இத்தாலியர்கள் சீன உணவகங்களுக்குப் போவதைக் குறைத்தார்கள். அந்தக் காலகட்டத்தில் பலர் பலகையை மாற்றி ஜப்பானிய உணவு போட ஆரம்பித்தார்கள். இப்போது இத்தாலிய இளைஞர்கள் சுஷி என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள். பிலடெல்பியா சீஸ், மாம்பழம், மேலே இனிப்பு சாஸ், பொரித்த ஹொசோமாகி (மெல்லிய சுஷிச் சுருள்) மேல் ஸ்ட்ராபெரித் துண்டு... ஜப்பானில் தேடினாலும் கிடைக்காது. வெர்செல்லிப் பக்கம் 1997இல் உருவாக்கிய வெனேரே என்ற கறுப்பு அரிசியில் சுற்றிய உராமாகி (சோறு வெளிப்பக்கம் வரும் சுருள்) எல்லா மெனுவிலும் இருக்கும். எனக்கு அது பிடிக்கும், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

இரண்டாவது, ஒரு சின்ன கவுன்டர், அதற்குப் பின்னால் வெட்டுகிற ஆள், நிகிரி (சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு) ஜோடிக்கு விலை. இதற்குத்தான் நீங்கள் தேட வேண்டும். மெனுவின் நீளத்தைப் பாருங்கள். இருநூறு ஐட்டம், கூடவே ராமென், தாய் நூடுல்ஸ், போக்கே எல்லாம் இருந்தால் அது முதல் வகை. நல்ல இடத்தில் ஒரு பக்கம்தான் இருக்கும், அதிலும் பாதி "இன்று இல்லை" என்பார்கள்.

பெயர் கேட்பீர்கள். பழைய இடம் என்றால் எவுஸ்தாக்கி தெருவில் இருக்கும் பொபொரோயா. 1989இல் தொடங்கியது, மிலானின் முதல் சுஷி பார் என்று ஊரே சொல்லும். உண்மையில் ஜப்பானிய மளிகைக் கடை, உள்ளே சில மேசைகள். சிராஷி கிண்ணம் (சோற்றின் மேல் பச்சை மீன் துண்டுகள் பரப்பியது) கேளுங்கள். அலங்காரம், மங்கல் விளக்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். லீமா மெட்ரோவில் இறங்கி நடந்து போகலாம், உங்களுக்குப் பக்கம். போவதற்கு முன்பு நேரம் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

*

பயணப்பை எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம். இணையத்தில் சில மெனுக்களைப் பார்த்தேன். மீன் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறது. சிலவற்றில் "அப்பத்தூத்தோ" என்று எழுதியிருக்கிறது. பழைய மீன் என்று அர்த்தமா? பயமாக இருக்கிறது.

*

யாழ்மீன் எழுதியது:

பயப்பட ஒன்றுமில்லை தம்பி. நான் இங்கே ஒரு ஜப்பானிய உணவகச் சமையலறையில் கனகாலமாக வேலை செய்கிறேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அப்பத்தூத்தோ (சட்டென்று உறைய வைத்தது) என்று எழுதியிருந்தால் கடை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் எடுக்க வேண்டும். பச்சையாகப் பரிமாறும் மீனை ஐரோப்பியச் சட்டப்படி முதலில் உறைய வைத்தே ஆக வேண்டும். மீனின் உள்பாகம் வரை மைனஸ் 20 பாகைக்கு இறக்கி 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35க்கு இறக்கி 15 மணி நேரம். அனிசாக்கிஸ் என்று ஒரு புழு இருக்கிறது, நெத்தலி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் நிறைய. உயிரோடு உள்ளே போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். பண்ணையில் புழுவுக்கு வழியில்லாத தீவனம் போட்டு வளர்த்த சால்மனுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. காட்டு மீனுக்கு, சில தனி விலக்குகள் போக, தப்ப முடியாது. அதற்கென்றே ஒரு இயந்திரம் இருக்கிறது. குளிர்க் காற்றை வேகமாக அடித்துச் சட்டென்று உறைய வைப்பதால் மீனின் தசை கிழியாது. வீட்டு பிரீசரில் வைத்தால் மெதுவாக உறைந்து, உருகும்போது தண்ணீர் விட்டுச் சவசவ என்று போய்விடும்.

நட்சத்திரக் குறி வேறு கதை. அந்தப் பொருள் வாங்கும்போதே உறைந்து வந்தது என்று அர்த்தம். அதை மெனுவில் சொல்லாமல் விற்றால் இத்தாலிய நீதிமன்றங்கள் வணிக மோசடி முயற்சி என்றே எடுத்துக்கொள்ளும். எல்லா ஐட்டத்துக்கும் நட்சத்திரம் போட்ட கடையும் இருக்கிறது, ஒன்றுக்கும் போடாத கடையும் இருக்கிறது. எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம் கூட.

அப்புறம் கவனிக்க வேண்டியவை சில. சூரை மீன் தர்ப்பூசணிச் சிவப்பில் பளபளத்தால் தொடாதீர்கள். நிறம் நிற்பதற்காகச் சில நாடுகளில் கார்பன் மோனாக்சைடு ஏற்றுவார்கள், ஐரோப்பாவில் அதற்கு அனுமதி இல்லை, ஆனால் நிறத்தைப் பிடித்து நிறுத்த வேறு குறுக்கு வழிகள் உண்டு. நல்ல சூரை கொஞ்சம் மங்கலாக, ஓரத்தில் லேசான பழுப்போடு இருக்கும். அடுத்தது, மெனுவில் "பெஷே புர்ரோ" என்று வெள்ளை வெளேரென்று வெண்ணெய் போல் ஒரு மீன் சில இடங்களில் வரும். எஸ்கோலார் என்ற மீன் இந்தப் பெயரில் அடிக்கடி வருகிறது. அதன் கொழுப்பு நமக்குச் செரிக்காது. ருசியாக இருக்கிறதென்று நாலு துண்டு சாப்பிட்டால் அடுத்த நாள் அலுவலகக் கூட்டத்தில் உட்கார முடியாது. ஜப்பானில் 1977இலேயே விற்கத் தடை போட்டுவிட்டார்கள்.

முக்கியமானது சோறு. ஆட்கள் மீனைப் பற்றியே கதைப்பார்கள். சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், வாயில் வைத்ததும் உதிர வேண்டும். பிரிட்ஜில் வைத்த சோறு கல்லாக இருக்கும். முதலில் ஒரே ஒரு ஜோடி நிகிரி சொல்லுங்கோ. சோறு குளிர்ந்து இறுகி வந்தால் ஒரு மிசோ சூப் குடித்துவிட்டு எழும்பி விடலாம்.

*

கொங்குத்தேன் எழுதியது:

ஆக, உறைந்த மீன். சீனர் கடை. இத்தாலிய அரிசி. இதில் ஜப்பான் எங்கே இருக்கிறது?

*

யாழ்மீன் எழுதியது:

ஜப்பானிலும் தூரக் கடலில் பிடிக்கிற சூரையைக் கப்பலிலேயே மைனஸ் 60இல் உறைய வைத்துத்தான் கொண்டு வருகிறார்கள். அங்கே யாரும் அதற்காக முகம் சுளிப்பதில்லை. அரிசி விஷயத்தில் நீங்கள் இத்தாலியைக் குறைத்து எடைபோடுகிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விளைகிற நெல்லில் பாதி இத்தாலியில்தான். மிலானை விட்டு பவியா பக்கம் வெளியே வந்தால் இரண்டு பக்கமும் வயல்தான். அதில் குட்டையாக, உருண்டையாக இருக்கிற ரகங்களும் உண்டு, செலெனியோ என்பதை சுஷிக்கு நிறையப் பேர் வாங்குகிறார்கள். கழுவி, ஊற வைத்து, ஒழுங்காக வடிக்கத் தெரிந்தால் குறை சொல்ல முடியாத சோறு.

*

நவிலிக்கரை எழுதியது:

சீனர் கடை என்பதை ஒரு குறையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை அண்ணே. இத்தாலியில் ஜப்பானிய உணவுக்கு முதன்முதலில் மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திர விருது வாங்கியது மிலானில் இருக்கும் இயோ. 2007இல் அதைத் தொடங்கிய கிளாடியோ லியு சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பியேரோ தெல்லா பிரான்செஸ்கா தெருவில் இருக்கிறது. மெட்ரோவில் ஜெருசலெம்மே நிறுத்தம். பயணப்பை, உங்கள் "தாராளமான ராத்திரி"க்கு இது ஒரு வழி. ஒருவருக்கு நூறு யூரோவைத் தாண்டும், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோர்ஸோ இத்தாலியாவில் விக்கி'ஸ் என்று உணவகம் நடத்திப் பெயர் வாங்கிய விக்கி பிரியான் இலங்கையில் பிறந்தவர், ஜப்பானில் தொழில் கற்றவர். ஜப்பானிய வெட்டு, மத்தியதரைக் கடல் மீன், நம் பக்கத்து மசாலா வாசனை மூன்றையும் ஒரே தட்டில் வைப்பார். சுத்தமான எடோ (பழைய டோக்கியோ) பாணி சுஷி வேண்டும் என்பவர்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். வெட்டுகிறவரின் கடவுச்சீட்டைப் பார்த்து சாப்பாட்டைத் தீர்மானிக்கிறவர்கள் அவர் சமையலை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரிய ஆசை.

அர்மானி கட்டடத்தில் நோபு என்ற ஜப்பானிய உணவகம் இருக்கிறது, 2000இலிருந்து. அங்கே பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கும் சேர்த்துத்தான் பில். எனக்கு ஆர்வமில்லை.

*

கொங்குத்தேன் எழுதியது:

சரி சரி, கடவுச்சீட்டை விட்டுவிடுகிறேன். ஸ்ட்ராபெரி வைத்த சுஷியை மட்டும் விடமாட்டேன். அது தண்டனைக்குரிய குற்றம்.

*

அரைவயிறு எழுதியது:

மாணவர்கள் சார்பில் ஆஜராகிறேன். உதவித்தொகையில் வாழ்கிற எங்களுக்கு மதிய அன்லிமிடெட்தான் திருவிழா. அதையும் புத்தியாகச் சாப்பிட வழி இருக்கிறது. கூட்டம் இருக்கிற கடைக்குப் போங்கள், மீன் தேங்காது. பகல் பன்னிரண்டரைக்குப் போங்கள், இரண்டரைக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள். டேப்லெட்டில் ஒரு சுற்றுக்கு இத்தனை தட்டுத்தான் என்று வரம்பு இருக்கும், அது ஏமாற்று இல்லை. மிச்சம் வைத்தால் துண்டுக்கு இவ்வளவு என்று அபராதம் போடுவார்கள், மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சாஷிமியை (சோறில்லாத பச்சை மீன் துண்டுகள்) ஒரு ஆளுக்கு ஒரு தட்டு என்று நிறுத்திவிடுவார்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். பொரித்த ஐட்டங்களில் கை வைத்தால் பத்து நிமிஷத்தில் வயிறு நிறைந்துவிடும், கடைக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

இரண்டு பேர் போனால் இருவருமே அன்லிமிடெட் எடுக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. உங்கள் மனைவிக்கு அது நஷ்டம்.

*

மணக்கும்ரசம் எழுதியது:

சைவம் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெள்ளரிக்காய் மாகி, அவகாடோ மாகி, எடமாமே (பச்சை சோயா), தாமாகோ என்ற முட்டை நிகிரி, இனாரி (இனிப்புச் சாற்றில் ஊறிய டோஃபுப் பையில் சோறு) எல்லாம் கிடைக்கும். ஆனால் மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கும். தாமாகோவிலும் இனாரியிலும்கூட அதே சாறு சேர்ப்பது வழக்கம். கத்திரிக்காய் வறுவல் மேல் ஆடுகிற மெல்லிய சீவல்களும் மீன்தான். கலிபோர்னியா ரோலில் வருகிற நண்டுக் குச்சியும் மீனை அரைத்துச் செய்ததுதான். "வெஜிடேரியன்" என்றால் பல இத்தாலியப் பணியாளர்கள் தட்டில் மீன் துண்டு தெரியாவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். "சென்சா பெஷே, சென்சா தாஷி" (மீன் வேண்டாம், தாஷி என்ற அந்த மீன் சாறும் வேண்டாம்) என்று அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வாமைப் பொருள் பட்டியல் கேட்டால் காட்ட வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது. அதில் மீன் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டால் பேச்சே தேவையில்லை.

*

யாழ்மீன் எழுதியது:

ரசம் அக்கா சொன்னது சரி. அந்தச் சீவல் எங்கள் ஊர் மாசிக் கருவாட்டுக்குத் தம்பி முறை.

பயணப்பை, செலவு செய்கிற அந்த இரவைப் பற்றி ஒரு சொல். கவுன்டரில் இடம் கேளுங்கோ, மேசையில் வேண்டாம். உட்கார்ந்ததும் "இன்று இத்தாலியக் கடலிலிருந்து என்ன வந்தது?" என்று கேளுங்கோ. சால்மன் நோர்வேயிலிருந்து வருகிறது, அது உங்கள் ஊரிலும் அதேதான். பச்சைச் சால்மனை ஜப்பானியர் சாப்பிடத் தொடங்கியதே 1980களில் நோர்வேக்காரர் அங்கே போய் விளம்பரம் செய்த பிறகுதான். அதற்காக மிலானில் காசு கொடுக்காதீர்கள்.

இங்கே சாப்பிட வேண்டியது சிசிலியின் மசாரா தெல் வாலோ சிவப்பு இறால். பச்சையாகவே ஒரு இனிப்பு இருக்கும், தலையை உறிஞ்சாமல் விடக் கூடாது. ஆழ்கடலில் பிடித்ததும் படகிலேயே உறைய வைத்துவிடுவார்கள், அதனால் இதற்கு நட்சத்திரக் குறி இருந்தால் நல்லது என்றே எடுத்துக்கொள்ளுங்கோ. அப்புறம் ரிச்சோலா, ஜப்பானியர் கன்பாச்சி என்று சொல்கிற அதே மீன், வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். பிரான்சினோவும் ஒராத்தாவும் வெள்ளை மீன், கொஞ்சம் எலுமிச்சையும் உப்பும் போதும், சோயா சாஸில் முக்கினால் வெட்டுகிற ஆளுக்கு மனம் நோகும். கோடைத் தொடக்கம் என்றால் சர்தீனியாவின் கார்லோபோர்த்தே பக்கம் வலை கட்டிப் பிடிக்கிற நீலத்துடுப்புச் சூரை. இது இருந்தால் வேறு எதுவும் கேட்கவே வேண்டாம்.

இத்தாலியருக்குப் பச்சை மீன் புதிதும் அல்ல. பாரியில் துறைமுகத்திலேயே கணவாயையும் குட்டி ஒக்டோபசையும் பச்சையாக நின்றபடியே சாப்பிடுவார்கள். மிலானின் நல்ல சுஷிக் கவுன்டரில் அந்தப் பழக்கமும் ஜப்பானியக் கத்தியும் சேர்ந்து வருகிறது. அது டோக்கியோவில் கிடைக்காத சாப்பாடு.

*

கொங்குத்தேன் எழுதியது:

யாழ்மீன், இப்படி முதலிலேயே எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சிவப்பு இறாலுக்காக நானே போகலாம் போல இருக்கிறது.

*

பயணப்பை எழுதியது:

அருமை. முன்பதிவு எப்படி? எந்தக் கிழமை நல்லது? டிப்ஸ் வைக்க வேண்டுமா?

*

நவிலிக்கரை எழுதியது:

கவுன்டர் இடம் பத்துப் பேருக்குத்தான் இருக்கும், அதனால் ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். திஃபோர்க் என்ற செயலியில் பல உணவகங்கள் இருக்கின்றன, சிலவற்றுக்கு பாதி விலைத் தள்ளுபடிகூட வரும். ஆனால் பாதி விலையில் தருகிற சுஷிக் கடை எதனால் தருகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். நல்ல கவுன்டர்கள் தங்கள் தளத்திலோ தொலைபேசியிலோதான் பதிவு எடுக்கும்.

ஞாயிறும் திங்களும் தவிர்க்கலாம். வார இறுதியில் படகுகள் பலவும் போவதில்லை, அதனால் தீவிரமான கடைகள் அந்த நாட்களில் ஒன்றிலாவது மூடிவிடும். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை சரி. இரவு ஏழரைக்கு முன்னால் கதவு திறக்காது. ஏப்ரலில் மரச்சாமான் கண்காட்சி நடக்கிற வாரமாக இருந்தால் ஊரில் ஒரு நாற்காலிகூடக் கிடைக்காது. ஆகஸ்ட் நடுவில் வந்தால் பாதி ஊர் பூட்டியிருக்கும்.

பில்லில் "கோபெர்த்தோ" என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். உட்கார்ந்ததற்கான காசு, மெனுவில் எழுதியிருந்தால் சட்டப்படி சரி. அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை.

மற்ற நாட்களில் பாவ்லோ சார்ப்பி தெருவுக்குப் போங்கள், மிலானின் சைனாடவுன். அங்கே சுஷி வேண்டாம், கண் முன்னால் மடித்து வேக வைக்கிற கொழுக்கட்டை மாதிரியான ராவியோலி இருக்கிறது, காய்கறி வைத்ததும் கிடைக்கும். பக்கத்திலேயே ரொஸ்மினி தெருவில் காத்தே என்ற பெரிய ஆசியக் கடை. சுஷி வினிகரும் நோரி என்ற கடற்பாசித் தாளும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

*

பயணப்பை எழுதியது:

போய்விட்டு வந்தாயிற்று. பதிவு செய்த கவுன்டரின் பெயரைப் பொதுவில் போடவில்லை, இருக்கிற எட்டு நாற்காலியும் போய்விடும். கேட்பவர்களுக்குத் தனி மடலில் சொல்கிறேன். யாழ்மீன் சொன்னபடியே கேட்டேன். வெட்டுகிறவர் முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அப்புறம் மெனுவை வாங்கி வைத்துவிட்டார். ரிச்சோலாதான் முதலில் வந்தது. சோறு வெதுவெதுப்பாக இருந்தது. இறால் தலையை உறிஞ்சினேன், மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு, தாஷி வேண்டாம் என்று சொன்னதும், ஊறுகாய்க் கத்திரிக்காய் நிகிரியும் தக்காளி நிகிரியும் செய்து கொடுத்தார். மெனுவில் இல்லாதது.

அன்லிமிடெட்டும் ஒரு மதியம் போனோம். ஸ்ட்ராபெரி சுஷி சாப்பிட்டேன். கொங்குத்தேன் மன்னிக்க வேண்டும், நன்றாகவே இருந்தது.

*

கொங்குத்தேன் எழுதியது:

இந்த இழையைப் பூட்டிவிடுங்கள் அட்மின்.

*

திண்ணைவாசி எழுதியது:

பூட்டுவதற்கு முன்பு ஒன்று: நான் போவது ரோம். இதெல்லாம் அங்கேயும் பொருந்துமா?

*

நவிலிக்கரை எழுதியது:

மீன் உறைய வைக்கும் சட்டம், நட்சத்திரக் குறி, சோறு எல்லாம் அப்படியே பொருந்தும். கோபெர்த்தோ மட்டும் இல்லை, ரோம் இருக்கிற லாட்சியோ மாகாணத்தில் 2006இலிருந்து அதற்குத் தடை. அதற்குப் பதில் ரொட்டிக்கு என்று பில்லில் ஒரு தொகை வரும், ரொட்டி வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுஷிக் கடையில் ரொட்டி வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெயர் வேண்டுமென்றால் மெர்ச்சேதே தெருவில் ஹமாசேய், 1970களிலிருந்து இருக்கிற பழைய இடம். மற்றதை ரோமில் இருப்பவர்கள் வந்து சொல்லட்டும்.